ஹெரால்ட் டிரிப்யூனுக்கு யார் காசு கொடுத்தார்கள்?

முன்பெல்லாம் விமான நிலையங்களிலும் பெரிய ஹோட்டல் வரவேற்பறைகளிலும் இன்டர்நேஷனல் ஹெரால்ட் டிரிப்யூன், ஏஷியன் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், இளஞ்சிவப்புத் தாளில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் என்று வெளிநாட்டு நாளிதழ்களை அடுக்கி வைத்திருப்பார்களே, அதெல்லாம் எங்கே போயிற்று, இணையம்தான் கொன்றதா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

இணையம்தான் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு எழுந்து போகலாம், தப்பில்லை. ஆனால் அதே இணையம்தான் நம் ஊர் நாளிதழ்களையும் பிடித்து உலுக்கியது. இளைத்துப் போனாலும் அவை இன்னும் விடிகாலையில் வாசலில் வந்து விழுகின்றன. பல நாடுகளுக்கென்று அச்சான பேப்பர்கள் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் சுருண்டன? எனக்குத் தெரிந்த பதில் இது: அந்த வகைப் பேப்பர்கள் வாசகர் கொடுத்த காசில் ஓடியதே இல்லை. ஒவ்வொரு காலத்திலும் வேறு யாரோ, செய்திக்குச் சம்பந்தமில்லாத ஒரு காரணத்துக்காகப் பணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையை எடுத்ததும் பேப்பர் விழுந்தது. இதைப் புரிந்துகொள்ள ஹெரால்ட் டிரிப்யூனின் கதையே போதும்.

நான் சென்னையில் ஒரு நாளிதழில் வெளிநாட்டுப் பக்கம் பார்த்த சப் எடிட்டர். எண்பதுகளில், மதியம் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால், ஜெமினி மேம்பாலத்தடியில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரக நூலகத்துக்குப் போவேன். ஏசிக்காகப் போனேன் என்று சொன்னாலும் பொய்யில்லை. அங்கே பேப்பர்களை நீளக் கம்பில் செருகி மாட்டியிருப்பார்கள். ஹெரால்ட் டிரிப்யூன் இரண்டு மூன்று நாள் பழசாகத்தான் வரும். முதல் பக்கத்துப் பெயரின் நடுவில் ஒரு சின்னப் படம் இருக்கும்: ஒரு பக்கம் யோசனையில் உட்கார்ந்திருக்கும் கிழவர், மறுபக்கம் புதுயுகத்து ரயில், நடுவே ஒரு கடிகாரம். அந்தக் கடிகாரத்தில் மணி எப்போதும் 6:12. 1866-ல் நியூயார்க் டிரிப்யூனில் முதலில் வந்த படம் அது. ஏன் 6:12 என்று எத்தனையோ பேர் ஊகித்துவிட்டார்கள், தீர்வு கிடைக்கவில்லை. 2008-ல் வடிவமைப்பை மாற்றியபோது அந்தப் படத்தைத் தூக்கிவிட்டார்கள். எனக்கென்னவோ அப்போதே வீட்டுக்காரர் சாமான் கட்டுகிறார் என்று தோன்றியது.

சரி, ஆரம்பத்துக்கு வருகிறேன். ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கென்று பேப்பர் போடும் யோசனை பழசு. நெப்போலியன் வீழ்ந்த 1814-ல் காலிஞானி என்ற இத்தாலியர் பாரிஸில் காலிஞானிஸ் மெஸஞ்சர் என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். போர் முடிந்து பிரான்சுக்குள் வரத் தொடங்கிய ஆங்கிலேயர்களுக்கு லண்டன் பேப்பர்களிலிருந்து எடுத்துத் தொகுத்துத் தருவதுதான் அதன் வேலை. அந்தக் குடும்பத்தின் பெயரில் ரிவோலி தெருவில் புத்தகக் கடை இன்றைக்கும் இருக்கிறது. பத்திரிகை இல்லை.

அடுத்து வந்தவர் ஜேம்ஸ் கார்டன் பென்னட் ஜூனியர். அப்பா விட்டுப்போன நியூயார்க் ஹெரால்டுக்கு முதலாளி. ஆப்பிரிக்காவில் தொலைந்துபோன ஆய்வுப் பயணி லிவிங்ஸ்டனைத் தேடிப் பிடிக்க நிருபர் ஸ்டான்லியை அனுப்பியவர் இவர்தான். பணமும் கிறுக்கும் சம அளவில் உள்ள மனிதர். 1877 புத்தாண்டு விருந்தில், தனக்கு நிச்சயமான பெண்ணின் வீட்டில், குடிபோதையில் கணப்பு அடுப்பில் சிறுநீர் கழித்தார் என்று நியூயார்க்கில் சொல்வார்கள். நிச்சயம் முறிந்தது, பெண்ணின் சகோதரனோடு துப்பாக்கிச் சண்டை வரை போனது. அப்புறம் பாரிஸே கதி என்று ஆகிவிட்டார். 1887 அக்டோபர் 4 அன்று தன் பேப்பரின் பாரிஸ் பதிப்பைத் தொடங்கினார். அவருடைய உல்லாசக் கப்பலில் காலைப் பாலுக்காக ஒரு பசுமாட்டுக்குத் தனித் தொழுவம் இருந்தது. இப்படிப்பட்டவருக்குப் பேப்பர் நஷ்டத்தில் ஓடுவது ஒரு பொருட்டா என்ன?

அந்தப் பேப்பரில் என்ன வந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். எந்த அமெரிக்கர் எந்த ஹோட்டலில் வந்து இறங்கியிருக்கிறார், யாருடைய கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று பட்டியல் போடுவார்கள். 1899 டிசம்பரில் 'பிலடெல்பியா மூதாட்டி' என்ற பெயரில் ஒரு கடிதம் வந்தது. செல்சியஸ் வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டாக எப்படி மாற்றுவது, சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். பென்னட் அதே கடிதத்தை மறுநாளும் போடச் சொன்னார், அதற்கு மறுநாளும். 1918-ல் அவர் சாகும் வரை, பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல், அது வந்துகொண்டே இருந்தது. வாசகர்கள் கோபமாகப் பதில் எழுதினார்கள், கணக்குப் போட்டு அனுப்பினார்கள், கெஞ்சினார்கள். முதலாளி மசியவில்லை. கேலியாகச் செய்தாரோ என்னவோ, ஆனால் வெளியூரில் வந்து தங்கியவரின் திகைப்பு முழுவதும் அந்த ஒரு கடிதத்தில் இருக்கிறது. உலகமே வேறு அளவுகோலில் ஓடுகிறது, தன் ஊர்க் கணக்கில் சொல்ல யாராவது வேண்டும்.

பென்னட்டின் சொத்து கரைந்துகொண்டிருந்த நேரத்தில் முதல் உலகப் போர் வந்து கைகொடுத்தது. 1914-ல் ஜெர்மானியப் படை நெருங்கி, பிரெஞ்சு அரசாங்கமே போர்தோ நகரத்துக்குப் பெயர்ந்தபோதும் பாரிஸ் ஹெரால்ட் நகரத்தை விட்டுப் போகவில்லை. பிறகு அமெரிக்கச் சிப்பாய்கள் வந்து இறங்கியதும் விற்பனை எகிறியது. அவர் இறந்த பிறகு பேப்பர் கைமாறியது. 1924-ல் நியூயார்க்கில் ஹெரால்டும் டிரிப்யூனும் ஒன்றாகிவிட, பாரிஸ் பதிப்பு பெண் வீட்டுச் சீதனம் மாதிரி கூடவே போயிற்று. 1940 ஜூனில் ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்ததும் நின்றது, 1944 டிசம்பரில் மறுபடி வந்தது. போருக்குப் பிந்தைய பாரிஸில் அது ஓர் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1960-ல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தில் நடிகை ஜீன் சீபெர்க் பேப்பர் பெயர் போட்ட பனியனோடு ஷாம்ப்ஸ் எலிசேயில் கூவி விற்றுக்கொண்டு நடப்பார். அந்தப் பனியன் இன்றும் விற்கிறது. பேப்பர்தான் இல்லை.

1966-ல் நியூயார்க்கில் தாய்ப் பத்திரிகை செத்துப்போனது. தாய் போன பிறகும் பிள்ளை பிழைத்தது ஏன் என்றால், அதைத் தத்தெடுக்க இரண்டு பணக்கார வீடுகள் தயாராக இருந்தன. வாஷிங்டன் போஸ்ட் ஒரு பங்கு எடுத்தது. சொந்தமாக வெளிநாட்டுப் பதிப்பு போட்டு நஷ்டப்பட்டுக்கொண்டிருந்த நியூயார்க் டைம்ஸ் அதை மூடிவிட்டு இதில் வந்து சேர்ந்தது. 1967 மே மாதம் இன்டர்நேஷனல் ஹெரால்ட் டிரிப்யூன் என்று பெயர் வைத்தார்கள். உள்நாட்டில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பத்திரிகைகள் பாரிஸில் மட்டும் ஒரே தட்டில் சாப்பிட்டன. இருவருக்கும் இதில் பெரிய வருமானம் என்று ஒன்றும் இல்லை. மற்ற நாட்டு அமைச்சர்களும் தூதர்களும் காலையில் நம் செய்தியைப் படிக்கிறார்கள் என்ற கௌரவம் இருந்தது. நிருபர் பேட்டிக்குப் போய் நின்றால் கதவு திறக்கும்.

என் தொழிலுக்கு நெருக்கமான இடம் என்பதால் அடுத்த கட்டத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பேப்பர் என்பது கடைசியில் நேரக் கணக்கு. நம் ஊரில் 'டாக் எடிஷன்' என்று ஒன்று உண்டு. தூரத்து ஊர்களுக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் போக வேண்டியிருப்பதால் சாயங்காலமே பக்கம் முடித்து அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். ராத்திரி நடந்த எதுவும் அதில் இருக்காது. கிரிக்கெட்டில் கடைசி விக்கெட் விழுந்ததா என்று தெரிய வெளியூர் வாசகர் ரேடியோவைத் தேட வேண்டும். ஹெரால்ட் டிரிப்யூனுக்கு உலகமே டாக் எடிஷன். பாரிஸில் நள்ளிரவு என்றால் நியூயார்க்கில் மாலை 6 மணி. வால் ஸ்ட்ரீட் பங்குச் சந்தை மாலை 4 மணிக்கு மூடும்போது பாரிஸில் இரவு 10. அதனால் ஐரோப்பாவில் காலையில் பேப்பரைப் பிரிப்பவருக்கு நேற்றைய பங்கு விலை முழுசாகக் கிடைத்துவிடும். அந்தப் பொடி எழுத்துப் பட்டியலுக்காகவே அதை வாங்கியவர்கள் உண்டு. ஹாங்காங்கில் நள்ளிரவு ஆகும்போது நியூயார்க்கில் அப்போதுதான் நண்பகலை நெருங்கிக்கொண்டிருக்கும். ஆசியப் பதிப்புக்குப் பக்கம் முடிக்கும் ஆளின் பாடு அதோகதி.

1974-ல் பக்கத்தை அப்படியே படமாகத் தொலைத்தொடர்பு வழியே பாரிஸிலிருந்து லண்டன் அருகே அனுப்பி அங்கேயும் அச்சிட்டார்கள். 1980-ல் செயற்கைக்கோள் மூலம் ஹாங்காங்குக்கு. பிறகு சிங்கப்பூர், டோக்கியோ என்று வரிசை நீண்டது. உலகின் இரு கோடிகளில் ஒரே நாளில் ஒரே பேப்பர் என்பது அன்று அதிசயம். இந்த இடத்தில் சென்னைக்காரன் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். தி இந்து 1963-லேயே சொந்த விமானங்கள் வைத்துப் பேப்பர் கட்டுகளை ஊர் ஊராக இறக்கியது. 1969-ல் பக்கங்களைப் படமாக அனுப்பி வெளியூரில் அச்சிடும் முறைக்கு மாறியது. ஹெரால்ட் டிரிப்யூன் எல்லை தாண்டிச் செய்ததை நம் ஆட்கள் ஊருக்குள் ஐந்து ஆண்டு முன்னாலேயே செய்திருந்தார்கள்.

இப்படிப் பரவிய பிறகு வாசகர் மாறிப்போனார். முன்பு அது வெளியூரில் இருக்கும் அமெரிக்கருக்கான பேப்பர். பிறகு ஜெனீவாவில் ஒரு ஸ்விஸ் வங்கிக்காரரும், ஜகார்த்தாவில் ஒரு தொழிலதிபரும், பாங்காக்கில் ஒரு ஐ.நா. அதிகாரியும் வாங்கினார்கள். அதற்கு ஏற்ப டெஸ்க்கில் ஒரு பழக்கம் வந்தது. ஒரு சப் எடிட்டராக நான் அதைப் பார்த்து அசந்திருக்கிறேன். 'நமது அரசு', 'நமது படை' என்ற வார்த்தை செய்தியில் வராது. எந்த நாட்டுத் தேர்தலானாலும் அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் படிக்கிறார் என்று நினைத்து, ஒரு வரியில் முன்கதை சொல்லிவிட்டுத்தான் மேலே போவார்கள். இன்று காலை உலகத்தில் நடந்ததில் எது முக்கியம் என்று, எந்த ஊரிலும் நிற்காமல் ஒருவர் முடிவு செய்து இருபது பக்கத்துக்குள் தருவார். அமெரிக்கக் கண்ணாடி அதில் இல்லையென்று சொல்ல மாட்டேன். நம் பக்கத்துச் செய்தி பெரும்பாலும் ஏஜென்சி கொடுத்த ஆறு வரிதான். இருந்தாலும் அந்தக் கைவேலை வேறு எங்கும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

ஆனால் பணம்? அதைக் கொடுத்தவர்கள் கைக்கடிகாரக்காரர்கள். ஒரு பேப்பர் வெறும் இரண்டு லட்சத்துச் சொச்சம் பிரதி விற்றது, அதுவும் 160-க்கும் மேற்பட்ட நாடுகளில் சிதறி. தினத்தந்தியோடு ஒப்பிட்டால் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனால் அந்த இரண்டு லட்சம் பேரும் விமானத்தில் முன்வரிசையில் உட்காருபவர்கள் என்று சொல்லித்தான் விளம்பரம் பிடித்தார்கள். ஸ்விஸ் கடிகாரம், தனியார் வங்கி, விமானக் கம்பெனி, பாரிஸ் ஃபேஷன். ஃபேஷன் பக்கத்தை 1988 முதல் பார்த்துக்கொண்ட சூஸி மென்கெஸ் தனி சக்தியாகவே இருந்தார். ஆடம்பரத் தொழில் மாநாடு என்று ஒன்றை ஆண்டுதோறும் நடத்தி, அதிலும் வருமானம் பார்த்தார்கள். வரி விளம்பரப் பக்கத்தில் நெடுங்காலம் 'எஸ்கார்ட்' சேவை விளம்பரங்களும் வந்துகொண்டிருந்தன. உலகத் தலைவர்கள் படிக்கும் பேப்பர் என்று நினைத்துத் தூதரக நூலகத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டிய எனக்கு முதல் முறை வியர்த்துவிட்டது.

மற்றவர்கள் கதையும் இதே தினுசுதான். ஃபைனான்ஷியல் டைம்ஸ் 1979-ல் பிராங்பர்ட்டில் அச்சிடத் தொடங்கியது. அதே ஆண்டு லண்டன் டைம்ஸ், தொழிலாளர் தகராறில் ஊரில் கதவடைத்துக் கிடந்தபோது, பிராங்பர்ட் அருகே ஒரு துருக்கிய நாளிதழின் அச்சகத்தில் ஒரு வாரப் பதிப்பு போடப் பார்த்தது. போராட்டக்காரர்கள் வந்து நிறுத்திவிட்டார்கள். துருக்கிய அச்சகம் ஜெர்மனியில் எப்படி வந்தது என்றால், அங்கே தொழிற்சாலை வேலைக்குப் போன லட்சக்கணக்கான துருக்கியர்களுக்கு ஹுரியத், டெர்ஜுமான் எல்லாம் அங்கேயே அச்சாகிக்கொண்டிருந்தன. சர்வதேச நாளிதழ் என்றால் கோட்டு சூட்டுக்காரருக்கு என்று நினைக்கிறோம். சொந்தக் காசு கொடுத்து வாங்கிய வாசகர்கள் அந்தத் தொழிலாளிகள்தான்.

அரபு உலகத்தில் பணம் போட்டவர்கள் வேறு. ஊரில் தணிக்கை, பெய்ரூட்டில் உள்நாட்டுப் போர். ஆகவே அரபுப் பத்திரிகைகள் லண்டனுக்குப் போயின. பச்சை நிற முதல் பக்கத்தோடு 1978-ல் அஷ்ரக் அல்-அவ்ஸத் சவூதிப் பணத்தில் தொடங்கியது. பெய்ரூட்டில் 1946-ல் பிறந்து, நிறுவனர் காமெல் ம்ரூவே 1966-ல் சுட்டுக் கொல்லப்பட்டு, பிறகு நின்றுபோன அல்-ஹயாத் 1988-ல் லண்டனில் உயிர்பெற்று ஒரு சவூதி இளவரசர் கைக்குப் போனது. மொராக்கோவிலிருந்து வளைகுடா வரை படித்தவர்கள் அதில் எழுத ஆசைப்பட்டார்கள். வாசகர் குறைந்து மட்டும் அது போகவில்லை. இளவரசர் வீட்டுக் கஜானா சுருங்கியதும் சம்பளம் நின்றது, 2018-ல் பெய்ரூட் அலுவலகத்தை மூடினார்கள், அதன் பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் அடங்கின.

ஒவ்வொரு நாட்டிலும் அச்சடிப்பதில் ஒரு வம்பும் உண்டு. எங்கே அச்சடிக்கிறாயோ அந்த ஊர்ச் சட்டம் உன்னைப் பிடிக்கும். சிங்கப்பூரில் 1994-ல் வந்த கட்டுரைகளுக்காக ஹெரால்ட் டிரிப்யூன் மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடு கட்டியது. 2010-ல் ஆசிய அரசியல் குடும்பங்கள் பற்றிய கட்டுரையில் லீ குவான் யூ பெயரையும் அவர் மகன் பெயரையும் சேர்த்ததற்காக மறுபடியும் மன்னிப்பு, 1,60,000 சிங்கப்பூர் டாலர். இந்தியாவிலோ வாசலிலேயே பூட்டு. 1955-ல் நேரு அமைச்சரவை எடுத்த முடிவுப்படி வெளிநாட்டுப் பத்திரிகை எதுவும் இங்கே பதிப்பு போட முடியாமல் இருந்தது. அதனால்தான் நான் மூன்று நாள் பழசைப் படித்தேன். 2004-ல் ஹைதராபாத்தில் ஹெரால்ட் டிரிப்யூன் அச்சானபோது டில்லியில் பெரிய சர்ச்சை ஆனது. அடுத்த ஆண்டுதான் அச்சு அசலாக மறுபதிப்பு போட அரசு வழிவிட்டது. ஃபைனான்ஷியல் டைம்ஸுக்கு இன்னொரு கஷ்டம்: அந்தப் பெயரையே டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் இங்கே பதிவு செய்து வைத்திருந்தது, வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. அந்தக் குழுமத்துக் கம்பெனியின் பெயரிலும் ஒரு பென்னட் உண்டு. நம் பசுமாட்டுப் பென்னட் இல்லை, வேறு ஆள்.

இனி சரிவு. அதை நான் இணையத்திலிருந்து தொடங்க மாட்டேன், ஹோட்டலிலிருந்து தொடங்குவேன். தொண்ணூறுகளில் இந்தப் பேப்பர்களின் விற்பனையில் ஒரு கணிசமான பகுதி மொத்தப் பிரதி. ஹோட்டலும் விமானக் கம்பெனியும் அடிமாட்டு விலைக்கு வாங்கி அறைக் கதவுக் கைப்பிடியில் மாட்டும், விமான வாசலில் அடுக்கும். விருந்தாளி படித்தாரா, காலணியைச் சுற்றினாரா என்று யாரும் கேட்பதில்லை. எண்ணிக்கையில் சேர்ந்துவிடும், எண்ணிக்கையைக் காட்டி விளம்பரம் வாங்கலாம். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2011-ல் ஒரு காட்சி கிடைத்தது. வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் ஐரோப்பியப் பதிப்பு, ஒரு டச்சு நிறுவனத்தோடு பேசி வைத்துக்கொண்டு, பிரதி ஒரு சென்ட்டுக்குக்கூட விற்று எண்ணிக்கையை ஏற்றிக் காட்டியது என்று கார்டியன் எழுதியது. விற்பனையில் ஐந்தில் இரண்டு பங்கு இப்படிப்பட்டது என்றது அந்தச் செய்தி. ஐரோப்பியப் பதிப்பின் வெளியீட்டாளர் பதவி விலகினார். படிக்காதவர்கள் கையில் பேப்பரைத் திணித்து, அதைக் காட்டிக் கடிகாரக்காரரிடம் காசு வாங்கும் தொழில் எத்தனை நாள் நிற்கும்?

அப்புறம்தான் இணையம் வருகிறது. அது வாசகரைக் கொண்டுபோனது இரண்டாவது வேலை. முதலில் நேரத்தைக் கொண்டுபோனது. பங்கு விலையை நாளைக் காலைப் பொடி எழுத்தில் தேட வேண்டியதில்லை. பேஸ்பால் ஸ்கோருக்காக டோக்கியோவில் ஒரு அமெரிக்கர் கடை திறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊரை விட்டு வந்தவர் ஊர்ப் பேப்பரையே போனில் பிரிக்கிறார், இடையில் ஒரு தொகுப்பாளர் எதற்கு? 2008 நிதி நெருக்கடியில் வங்கி விளம்பரம் வற்றியது. கடிகார விளம்பரம் மெதுவாகக் பளபளப்புத் தாளில் வரும் மாத இதழ்களுக்கும் விமான நிலையத் திரைகளுக்கும் நகர்ந்தது. விமானக் கம்பெனிகள் எரிபொருள் மிச்சம் என்று பேப்பர் சுமையைக் குறைத்தன. 2020-ல் கொரோனா வந்தபோது, யார் தொட்ட தாளோ என்ற பயத்தில் மிச்சமிருந்ததையும் அள்ளிப் போட்டார்கள். பிறகு திரும்ப வைக்கத் தோன்றவில்லை.

முதலாளி வீட்டிலும் நிலைமை மாறியது. நியூயார்க் டைம்ஸ் 2002 கடைசியில் வாஷிங்டன் போஸ்டின் பாதிப் பங்கையும் வாங்கியது. விற்காவிட்டால் நாங்களே தனிப் பேப்பர் போடுவோம் என்ற நெருக்கடியில் போஸ்ட் விற்றது, மனக்கசப்போடு. அதன்பின் டைம்ஸ் கண்ணில் ஹெரால்ட் டிரிப்யூன் ஒரு பெயர்ப் பலகை. இஸ்ரேலில் ஹாரெட்ஸ், கிரீஸில் கத்திமெரினி, கொரியாவில் ஜூங்ஆங், ஜப்பானில் அசாஹி என்று உள்ளூர்ப் பத்திரிகைகளின் ஆங்கிலப் பக்கங்களோடு சேர்த்து மடித்து விற்கும் ஏற்பாடு முன்பே இருந்தது. டெல் அவிவில் பலர் உள்ளே இருக்கும் ஹாரெட்ஸுக்காகவே வாங்கினார்கள், வெளிப்பேப்பர் உறை மாதிரி. 2013 அக்டோபர் 15-ல் பெயரையே மாற்றி இன்டர்நேஷனல் நியூயார்க் டைம்ஸ் என்றார்கள். 2016-ல் பாரிஸில் பக்கம் தயாரிக்கும் பிரிவை மூடிவிட்டு வேலையை நியூயார்க்குக்கும் ஹாங்காங்குக்கும் கொண்டுபோனார்கள். பென்னட் தொடங்கி 129 ஆண்டு. அடுத்த ஆண்டு, 2017-ல், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் தன் ஐரோப்பிய, ஆசியப் பதிப்புகளை நிறுத்தியது. ஆசியப் பதிப்பு 1976-ல் ஹாங்காங்கில் பிறந்தது, ஐரோப்பியப் பதிப்பு 1983-ல் பிரஸ்ஸல்ஸில்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் முதலாளிகளைக் குறை சொல்ல முடியவில்லை. நியூயார்க் டைம்ஸுக்கு இன்று ஒரு கோடிக்கும் மேல் சந்தாதாரர்கள், பெரும்பாலோர் டிஜிட்டலில். ஃபைனான்ஷியல் டைம்ஸ் 2015-ல் 84.4 கோடி பவுண்டுக்கு ஜப்பானின் நிக்கேய் கைக்குப் போனது, 2022-ல் பத்து லட்சம் டிஜிட்டல் சந்தாவைத் தொட்டது. இந்தக் கோட்டு சூட்டுப் பேப்பர்களின் வரலாற்றில் முதல் முறையாக வெளிநாட்டு வாசகர் தானே காசு கொடுக்கிறார். முரண் என்னவென்றால், அவர் காசு கொடுக்கத் தொடங்கியபோது பேப்பர் தேவைப்படவில்லை. அச்சுப் பிரதிகள் இன்னும் வருகின்றன. நியூயார்க் டைம்ஸின் சர்வதேசப் பதிப்பு அச்சாகிறது, இளஞ்சிவப்புத் தாளும் சில விமான நிலையங்களில் கிடைக்கும். ஆனால் அதன் வேலை இப்போது கடைவாசல் பலகையின் வேலை: நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று காட்டுவது.

காலியான இடத்தில் வேறு பணம் வந்து உட்காரவும் பார்க்கிறது. 1981-ல் தொடங்கிய சைனா டெய்லி உலகெங்கும் பதிப்பு போடுகிறது. அதன் 'சைனா வாட்ச்' இணைப்பு பல ஆண்டுகள் மேலைநாட்டுப் பெரிய பத்திரிகைகளுக்குள் காசு கொடுத்துச் செருகி வந்தது. லாபம் பார்க்க வேண்டாதவர்தான் நஷ்டத் தொழிலை நடத்த முடியும். பென்னட் காலத்திலும் அப்படித்தான்.

விற்ற கைகளும் குறைந்துவிட்டன. அமெரிக்காவில் ஹார்வர்டு சதுக்கத்தில் 1955 முதல் உலகப் பேப்பர்களை எல்லாம் தொங்கவிட்டிருந்த பெட்டிக்கடை 2019-ல் மூடியது. பாரிஸில் தெருவில் நடந்து கூவி விற்பவர்களில் மிஞ்சியவர் அலி அக்பர் என்ற பெரியவர், ராவல்பிண்டியிலிருந்து எழுபதுகளில் போனவர். செயின்ட் ஜெர்மேன் காப்பிக் கடைகளில் லெ மோந்த் விற்கிறார். பேப்பரைவிட அவர் விடும் கிண்டல் தலைப்புச் செய்திகளுக்காகவே பலர் வாங்குகிறார்கள்.

கேட்டவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பேப்பர்கள் கண்ணில் படுவதே இல்லை என்கிறாரே, அது முழு உண்மையில்லை. பாரிமுனைப் பக்கம் போனால் 'ஓவர் இஷ்யூ' என்று சொல்லி வெளிநாட்டுப் பேப்பரைக் கிலோக் கணக்கில் விற்கிறார்கள். அச்சாகி, யாரும் பிரிக்காமல், கட்டோடு கன்டெய்னரில் வந்து இறங்குவது. பழம் சுற்றவும் கண்ணாடிச் சாமான் பொதியவும் நம் பேப்பரைவிட இது நல்லது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள், மை கையில் ஒட்டாதாம். 2021-ல் தென் கொரியாவில் இதே விஷயம் ஒரு சர்ச்சையானது: விற்பனை எண்ணிக்கையைக் காட்டுவதற்காக அச்சடித்த பேப்பர் வாசகரிடம் போகாமலே வெளிநாட்டுக்குப் பொதிதாளாக ஏற்றுமதியாகிறது என்று அந்த ஊர்ச் செய்தியாளர்களே வெளியிட்டார்கள். போன மாதம் நான் வாங்கிய ஆறு கண்ணாடி டம்ளரும் கொரிய எழுத்துப் பேப்பரில்தான் சுற்றி வந்தன. பிரித்து நீவிப் பார்த்தேன். பக்கம் நடுவே கைக்கடிகார விளம்பரம். அதில் மணி 10:10.